அத்தியாயம் 6: குறிப்பறிய மாட்டார்கள்

விசா, பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு, விமானச் சீட்டு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு முந்தைய அத்தியாயங்களோடு முடிந்தது. இனி, பரிமாற்ற மாணவராக ஜெர்மனியில் இறங்கிய பிறகு நடப்பது.

போகுமுன் குளிரைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் ஆளாளுக்கு உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். குளிருக்குக் கடையில் கோட்டு கிடைக்கும். ரொட்டி நன்றாகவே இருக்கும். ஆளை அசைத்துப் பார்ப்பது வேறொன்று. நம் ஊரில் வாய் திறக்காமலே பாதிக் காரியம் நடந்துவிடுகிறது. முகம் வாடியிருந்தால் "சாப்பிட்டியா?" என்று ஒருவர் கேட்பார். பேருந்து நிலையத்தில் திருதிருவென விழித்தால் "எங்க தம்பி போகணும்?" என்று யாராவது வருவார். வள்ளுவரே குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. ஜெர்மனியில் இந்தக் கலைக்கு வேலை குறைவு. கேட்காமல் உதவுவதை, பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். கேட்டுவிட்டால் அதே ஆள் தன் வேலையை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உங்களோடு நிற்பார். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் இந்த அத்தியாயத்தில் வரும் மற்றவை எல்லாம் தாமாகவே புரியும்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

உடன் படிப்பவரின் வீட்டுக்குப் போகிறீர்கள். "காபி குடிக்கிறாயா?" என்கிறார். நாம் வளர்ந்த வழக்கப்படி "இல்ல, பரவாயில்ல" என்கிறீர்கள். நம் வீடுகளில் அது ஆரம்பம்தான். இரண்டாவது முறை கேட்பார்கள், மூன்றாவது முறை டம்ளரே கைக்கு வந்துவிடும். அங்கே அதோடு பேச்சு முடிந்தது. அவர் தனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து எதிரே உட்காருவார். அவமதிப்பு என்று நினைக்காதீர்கள். உங்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவர் காட்டும் மரியாதை. வேண்டுமென்றால் முதல் முறையே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் வம்பானது. நாம் மறுப்பதற்குப் பயன்படுத்தும் மெத்தென்ற பதில்கள் அங்கே சம்மதமாகிவிடும். "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்றால் நம் ஆட்களுக்கு முடிவு தெரியும். ஜெர்மன் நண்பர் உங்களை எண்ணிக்கையில் சேர்த்து நாற்காலி போட்டுவைத்திருப்பார். "ஒருநாள் எங்க ரூமுக்கு வாங்க" என்று போகிற போக்கில் சொன்னால் கைபேசியில் காலண்டரைத் திறந்து எந்த நாள் என்று கேட்பார். நண்பர்களைப் பார்ப்பதற்குக்கூட இரண்டு வாரம் முன்னதாக நாள் குறிக்கும் ஊர் அது. ஏழு மணிக்கு அழைத்தால் ஏழு மணிக்குப் போங்கள். ஐந்து பத்து நிமிடம் தாமதம் ஆனால் பெரிதில்லை, அதற்கு மேல் ஆகும் என்றால் ஒரு செய்தி அனுப்புங்கள். சீக்கிரமாகப் போய் மணியடிக்காதீர்கள்.

தலையை ஆட்டுவதிலும் கவனம் வேண்டும். ஆமாம், சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று நமக்குப் பல அர்த்தம் தரும் அந்தப் பக்கவாட்டு ஆட்டம் அவர்களுக்கு "இல்லை" என்பதாகவோ சந்தேகமாகவோ தெரியும். வாயால் "யா" என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

தெருவில் முன்பின் தெரியாதவர்கள் சிரிக்க மாட்டார்கள். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் உங்களை உற்றுப் பார்த்துக்கொண்டே வரலாம். அது அங்கே அவ்வளவு தவறில்லை. ஆனால் மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது அங்கிருக்கும் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு வணக்கம் சொல்வார்கள். நீங்களும் சொல்லுங்கள். சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தால் ஒரு பாட்டி அதட்டலாம், குறிப்பாகப் பக்கத்தில் குழந்தை நின்றால். சைக்கிள் பாதையில் நடந்தால் மணியடித்துத் திட்டுவார்கள். இது எல்லோருக்கும் விழுகிற திட்டு, உங்கள் நிறத்துக்கு விழுவதில்லை. நிறத்துக்காகவே விழுகிற சொல்லும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். பழகப் பழக இரண்டையும் பிரித்தறிய முடியும். இரண்டாவது வகை பல்கலைக்கழகத்துக்குள் நடந்தால் பாகுபாட்டுப் புகார்களுக்கான அலுவலகத்தையோ சர்வதேச மாணவர் அலுவலகத்தையோ நாடுங்கள். மிரட்டல் என்றால் 110, அது காவல்துறை.

முதல் இரண்டு வாரம்

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டு உரிமையாளரோ விடுதி நிர்வாகமோ கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கேளுங்கள். பெரிய நகரங்களில் இதற்கான நேர ஒதுக்கீடு கிடைப்பதே பாடு, ஆகவே ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் பாருங்கள்.

பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்பது பதிலாகாது; ஒரு குடியிருப்புக்கு ஒரு கட்டணம். நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய கணக்கு எண்ணைக் கொடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். தபாலில் வரும் எதையும் திறக்காமல் போடாதீர்கள். ஜெர்மனி இன்னும் கடிதத்தில் ஓடும் நாடு. அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கவில்லை என்றால் வங்கி அட்டைகூட திரும்பிப் போய்விடும்.

ரயில், டிராம் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், சீட்டு இல்லையென்றால் 60 யூரோ. மாணவர் கட்டணத்தோடே பயணச்சீட்டு தரும் பல்கலைக்கழகங்கள் பல. உங்களுடையது எப்படி என்று முதல் நாளே விசாரியுங்கள்.

சமையலறை

பெரும்பாலான பரிமாற்ற மாணவர்கள் தங்குவது மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் (வே-கே என்பார்கள்), அல்லது பொதுச் சமையலறை உள்ள மாணவர் விடுதியில். நட்பு முளைப்பதும் சண்டை வெடிப்பதும் அந்தச் சமையலறையில்தான்.

முதலில் பெட்டியில் என்ன கொண்டு போகலாம் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பயணப் பையில் வரக்கூடாது. அம்மா கட்டிக்கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் இதில் மாட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, வற்றல் போதும். மற்றதெல்லாம் ஓரளவு பெரிய ஊராக இருந்தால் ஆசியக் கடையில் கிடைக்கும். இலங்கைத் தமிழர் நடத்தும் கடை பக்கத்தில் இருந்தால் முருங்கைக்காயும் இடியப்ப மாவும்கூடக் கிடைக்கும், கூடவே தமிழில் நாலு வார்த்தையும்.

மின்சாரம் நம் ஊர்போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் வடிவம்தான் வேறு, ஓர் அடாப்டர் போதும். அடுப்பு அநேகமாகத் தட்டையான கண்ணாடித் தளம். குழிவான வாணலி அதில் நிற்காது. இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடேறாது. அடிப்பகுதி காந்தம் ஒட்டும் எவர்சில்வரா என்று ஊரிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்குங்கள். குக்கரின் முதல் விசில் அடிக்கும்போது வீட்டிலிருக்கும் மற்றவர்கள் ஓடிவருவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தாளிப்புதான் பெரிய விவகாரம். கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகும் அந்த நெடி நமக்குப் பசியைக் கிளப்பும், அவர்களுக்கு இருமலைக் கிளப்பும். படுக்கையறைகளில் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். சமையலறைக் கதவைத் திறந்துவைத்துத் தாளித்தால் அது அலறும். சில விடுதிகளில் அந்தக் கருவி நேரடியாகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். வண்டி வந்து நின்றுவிட்டால் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். ஆகவே கதவைச் சாத்துங்கள், ஜன்னலை முழுசாகத் திறங்கள், புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், பிறகு கடுகு. கறுகறுவென்று வறுக்காமல் மிதமான சூட்டில் தாளித்தாலும் ரசம் ரசம்தான்.

ஜன்னல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே மைனஸ் ஐந்து டிகிரியில் உறைந்துகிடக்கும்போது உங்கள் அறைத்தோழி ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை அகலத் திறந்துவைத்து ஐந்து பத்து நிமிடம் நிற்பாள். பைத்தியமா என்று தோன்றும். இறுக்கமாகக் கட்டிய வீடுகளில் சமையல், குளியல், மூச்சு எல்லாவற்றின் ஈரமும் உள்ளேயே தங்கி, சுவரின் குளிர்ந்த மூலைகளில் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குத்தான் ஒருநாளைக்கு இரண்டு மூன்று முறை இந்தக் காற்றோட்டம். வாடகை ஒப்பந்தத்திலேயே இதை எழுதுகிறவர்கள் உண்டு. நாளெல்லாம் ஜன்னலைச் சாய்த்து ஒருக்களித்து வைப்பதால் சுவர் குளிர்ந்து ஹீட்டர் கட்டணம்தான் ஏறும். தினமும் சோறு வடித்து, துணியையும் அறைக்குள்ளேயே காயவைக்கும் நம் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் அவர்களைவிட அதிகமாகத் தேவை.

குளிர்பெட்டியில் உங்களுக்கென ஒரு தட்டு இருக்கும். அடுத்த தட்டிலிருந்து கொஞ்சம் பால் எடுத்துக் காபி போடுவது நம் விடுதிகளில் சகஜம். இங்கே கேட்காமல் எடுத்தால் அன்று இரவே சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்கள். அவர்கள் தங்கள் சாப்பாட்டை உங்களுக்கு நீட்டவும் மாட்டார்கள், அதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. நீங்கள் ஒருநாள் எலுமிச்சை சாதம் செய்து எல்லோரையும் அழைத்தால் மகிழ்ச்சியாகச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் "நான் எவ்வளவு தரணும்?" என்று ஒருவர் கேட்கலாம். முகம் சுளிக்காமல் "இன்னைக்கு என்னுடையது" என்று சொல்லுங்கள். உணவகத்தில் பணம் கொடுக்கும்போது சேர்த்தா, தனித்தனியா என்று பரிமாறுபவரே கேட்பார். அவரவர் கணக்கு அவரவருக்கு. பிறந்தநாளில் மட்டும் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் ஒன்று: பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் கேக் வாங்கி வரவேண்டும். ஒரே எச்சரிக்கை, முந்தின நாளே வாழ்த்திவிடாதீர்கள். அது அபசகுனம் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

சுவரில் ஒரு துப்புரவு அட்டவணை தொங்கும். இந்த வாரம் குளியலறை உங்களுடையது என்றால் அது ஞாயிறு இரவுக்குள் முடிந்திருக்க வேண்டும். தேர்வு, ஜுரம், ஊரிலிருந்து மாமா வந்தார் என்பதெல்லாம் முன்கூட்டியே சொன்னால் மாற்றிக்கொள்வார்கள், பின்னால் சொன்னால் சாக்கு. குளியலறையைப் பற்றி யாரும் சொல்லித்தராத செய்தி: ஷவர் தொட்டிக்கு வெளியே தரையில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. வாளியும் மக்குமாக நின்று குளித்தால் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். கழிவறையில் காகிதம் மட்டுமே. ஒரு சின்ன பாட்டிலை வைத்துச் சமாளிப்பவர்கள் நம்மில் ஏராளம், தரை நனையாமல் இருந்தால் சரி. ஆண்களும் உட்கார்ந்துதான் போகவேண்டும் என்று படம் போட்டு ஒட்டிய வீடுகளும் உண்டு. அதற்குக் கட்டுப்படுங்கள், கழுவுபவர் நாளை நீங்களாகவும் இருக்கலாம்.

அறைக் கதவிலோ மடிக்கணினியிலோ ஸ்வஸ்திக் ஒட்டவேண்டாம். நமக்கு அது பிள்ளையார் படத்தோடு வரும் மங்கலச் சின்னம். அங்கே நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியது. வழிபாட்டுக்காக வைத்திருப்பவரைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கம் இல்லைதான். ஆனால் பார்த்தவர் அடையும் அதிர்ச்சிக்கு நீங்கள் படிக்கட்டில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பூஜைப் படம் அறைக்குள் இருக்கட்டும்.

குப்பையும் ஞாயிறும்

மஞ்சள் தொட்டியிலோ பையிலோ பிளாஸ்டிக், டப்பா, உறைகள். நீலத்தில் காகிதம். பழுப்பு அல்லது பச்சையில் காய்கறிக் கழிவு. மீதி கறுப்பில். ஊருக்கு ஊர் நிறம் கொஞ்சம் மாறும், மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைக் கலங்களில் வெள்ளை, பச்சை, பழுப்பு எனப் பிரித்துப் போடவேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போடக்கூடாது, சத்தம்.

பிளாஸ்டிக் புட்டிக்கும் டின்னுக்கும் 25 செண்ட் முன்பணம் விலையோடு சேர்ந்திருக்கும். சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் கழித்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப நிரப்பும் புட்டிகளுக்கு 8 அல்லது 15 செண்ட். நசுக்கிவிட்டால் இயந்திரம் ஏற்காது. வெளியில் குடித்து முடித்த புட்டியைக் குப்பைத் தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் நிறுத்திவைப்பவர்களைப் பார்ப்பீர்கள். அவற்றைச் சேகரித்துப் பிழைப்பவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், ஆகவே புட்டிச் செலவே தேவையில்லை.

ஞாயிறு கடைகள் இல்லை. 1919 வைமார் அரசியலமைப்பில் இருந்த ஞாயிறு ஓய்வுப் பிரிவு இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. பேக்கரி, பெட்ரோல் நிலையம், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும், விலையும் கூடுதல். சனிக்கிழமை மாலைக்குள் அரிசி, தயிர், வெங்காயம் வாங்கிவிடுங்கள். ஞாயிறு முழுவதும், மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். மிக்ஸி, துளைபோடும் கருவி, பாட்டு, ஸ்பீக்கரில் ஊருக்குப் பேசும் வீடியோ அழைப்பு எல்லாம் இதில் அடங்கும். இட்லிக்கு அரைப்பது சனிக்கிழமை பகலில். மாவு புளிக்க, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வையுங்கள்.

வகுப்பறை

நேர அட்டவணையில் 10 மணி என்பதன் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்து. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் முஷ்டியால் மேசையைத் தட்டுவார்கள். கலவரம் இல்லை, கைதட்டல்.

75 சதவீத வருகைக்குப் பழகியவர்களுக்கு இங்கே கிடைக்கும் சுதந்திரம் ஆபத்தானது. பெரிய விரிவுரைகளில் வருகையை யாரும் எடுப்பதில்லை. இன்டர்னல் மதிப்பெண் இல்லாமல் செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு தேர்வு மொத்தத்தையும் தீர்மானிக்கும் பாடங்கள் பல. அந்தத் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். பாடத்தில் சேர்ந்தால் தேர்விலும் சேர்ந்ததாக நினைத்துக் காலக்கெடுவைத் தவறவிட்டால் அந்தக் கிரெடிட் போச்சு. யாரும் நினைவூட்ட மாட்டார்கள், சொல்லிவிட்டேன். மதிப்பெண் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. உங்கள் கல்லூரி அதை எப்படி மாற்றிக் கணக்கிடும் என்பதைக் கிளம்புமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் "மரியாதைக்குரிய ஐயா" பாணி வணக்கங்களை நீட்ட வேண்டாம். பட்டத்தோடு குடும்பப் பெயர், இரண்டு வரியில் விஷயம், கேள்வி என்ன என்பது தெளிவாக. அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் இருக்கும். போய்க் கேட்கிறவர்களைப் பிடிக்கும். கருத்தரங்கில் நீங்கள் பேசி முடித்ததும் "இரண்டாவது பகுதியில் வாதம் நிற்கவில்லை" என்று எல்லோர் முன்னிலும் சொல்வார். அன்று மதியம் மென்சா (பல்கலைக்கழக உணவகம்) வரிசையில் உங்களோடு சிரித்துப் பேசுவதும் அவரே. அவர் குறை சொன்னது வாதத்தை, உங்களை அல்ல. நீங்களும் அவர் சொன்னதை மறுக்கலாம், காரணத்தோடு. பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாணவரைப் பணிவானவர் என்று அங்கே நினைப்பதில்லை, படிக்காமல் வந்தவர் என்று நினைக்கிறார்கள்.

டிசம்பர்

நவம்பர் வரை எல்லாமே புதுமையாக இருக்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பெர்லினில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், விடிவது காலை எட்டேகாலுக்கு. ஊருக்கும் அங்குக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். வகுப்பு முடிந்து 5 மணிக்கு நீங்கள் இருட்டில் அழைத்தால் அம்மா இரவு 9.30-க்குப் படுக்கப் போகும் நேரம். பகலில் மதிய இடைவேளையில் வெளியே இருபது நிமிடம் நடங்கள், மேகமாக இருந்தாலும். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சளி, காய்ச்சல் என்று போனால் தேநீரும் ஓய்வும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கிடைக்காது. இரவிலோ விடுமுறையிலோ மருத்துவர் தேவையென்றால் 116117, உயிர் ஆபத்து என்றால் 112.

24-ஆம் தேதி மதியத்தோடு கடைகள் மூடும், 25, 26 இரண்டும் விடுமுறை. விடுதி காலியாகிவிடும், எல்லோரும் பெற்றோரிடம் போய்விடுவார்கள். நம் மாணவர்கள் உடைந்துபோவது பெரும்பாலும் இந்த மூன்று நாளில்தான். தீபாவளிக்கு யாரும் இல்லாதவனை நம் வீடுகளில் தானாகவே கூப்பிடுவோம். இங்கே நீங்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே "கிறிஸ்துமஸுக்கு நான் இங்கேதான் இருப்பேன், எனக்கு எங்கும் போக இடமில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சொன்னால் அழைப்பு வர வாய்ப்பு அதிகம். சொல்லாவிட்டால் நீங்கள் தனிமையை விரும்புவதாகவே எடுத்துக்கொள்வார்கள். ரூர் பகுதிப் பக்கம் இருப்பவர்கள் ஹாம் நகரில் இலங்கைத் தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒருநாள் போய்வரலாம்; 2002-இல் குடமுழுக்கு கண்ட கோயில், கோடையில் தேர் ஓடும். மனம் அதற்கு மேலும் கனத்தால் மாணவர் நலச் சங்கத்தின் உளவியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் கட்டணமில்லை. ஆங்கிலத்தில் பேசலாமா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது

விடுதி அறையை விடுவதாக எழுத்தில் சொல்லவேண்டிய கெடு ஒப்பந்தத்தில் இருக்கும். மூன்று மாதம் முன்பே கேட்பவை உண்டு, ஆகவே ஒரு செமஸ்டருக்கு மட்டும் வந்தவர் குடிபுகுந்த சில வாரத்திலேயே அந்தக் கடிதத்தை எழுதவேண்டி வரலாம். நாட்டை விட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, போன பின் இரண்டு வாரத்துக்குள் நகராட்சிப் பதிவை நீக்குங்கள். அந்தச் சான்று கையில் இருந்தால்தான் வானொலிக் கட்டணத்தையும் காப்பீட்டையும் எளிதாக நிறுத்தலாம். நிறுத்தாவிட்டால் நீங்கள் திருச்சியில் உட்கார்ந்திருக்கும்போதும் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். அறைக்குக் கட்டிய முன்பணம், அறையைப் பரிசோதித்த பிறகே திரும்ப வரும், சில வாரங்கள் ஆகும். அதுவரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.